பெடல் வாங்குமுன் குமிழைத் திருகிப் பாருங்கள்: இரு பிக்கப்களைக் கலந்து பழைய ரொக் ஒலியைப் பெறும் வழி

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ புதிதாக ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர், 1960களிலும் 1970களிலும் கேட்ட அந்தத் தடித்த, சற்றே கரகரத்த ரொக் ஒலியைத் தேடத் தொடங்கும்போது, அவரது மனம் முதலில் பெடல்களின், அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிகளின், பக்கமே போகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்தபோது, கொழுந்து மலையில் குளவிக் கூடு கலைந்தாற்போன்ற இரைச்சல்தான் கிடைத்தது. பின்னர் கண்டியில் இசைக்குழுவொன்றில் வாசித்துவந்த மூத்த அண்ணன் ஒருவர் என் கிட்டாரைக் கையில் வாங்கினார். பெடலைக் கழற்றி வைத்துவிட்டு, பிக்கப்பைத் தெரிவுசெய்யும் சுவிட்சை நடுவில் நிறுத்தி, நெக் பிக்கப்பின், அதாவது தந்தியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் கழுத்துப் பக்கக் காந்தச் சுருளின், வொலியூமை 10இலிருந்து 7க்கு இறக்கி, ஏ மேஜர் கோர்ட் ஒன்றை அடித்தார். நான் தேடிக்கொண்டிருந்த ஒலி அதுதான். அது என் கிட்டாருக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது.

அந்த ஒலியை உங்கள் கிட்டாரிலிருந்து எடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். விலையுயர்ந்த கிட்டார் வேண்டியதில்லை. இரண்டு பிக்கப்களாவது உள்ள எந்தக் கிட்டாரும், ஒலியைப் பெருக்கும் ஒரு சிறிய ஆம்பும், பொறுமையான காதும் போதும்.

முதலில் மின்சாரம்

ஒலியைப் பற்றிப் பேசுமுன் உயிரைப் பற்றிப் பேச வேண்டும். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி) வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்பின் நிலத்தொடுப்புடன், அதாவது எர்த்துடன், இணைந்தவை. ஆம்பில் கசிவு இருந்து, வீட்டு வயரிங்கில் எர்த்தும் இல்லாவிட்டால், நமது 230 வோல்ட் மின்சாரம் நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் தந்திக்கே வந்து சேரக்கூடும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயக் காம்பராக்களில் பிற்காலத்தில் இழுக்கப்பட்ட வயர்களில் எர்த் கம்பி இல்லாத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்று பாருங்கள். பிளக் பொயின்ற்றில் எர்த் உண்டா என்பதை மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். மூன்று கால் பிளக்கின் எர்த் காலை எக்காரணம் கொண்டும் உடைக்கவோ, இரண்டு கால் அடப்டர் போட்டு அதைத் தவிர்க்கவோ வேண்டாம். இரைச்சல் குறைகிறது என்று சொல்லி அதைச் செய்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். கோயில் திருவிழா மேடையிலோ தேவாலய மண்டபத்திலோ கிட்டார் ஓர் ஆம்பிலும் மைக் வேறொரு பெட்டியிலும் இணைந்திருந்தால், இரண்டுக்கும் ஒரே பொயின்ற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் உதடு மைக்கைத் தொடும்போது அதிர்ச்சி வரக்கூடும்.

இரண்டு பிக்கப்கள் ஏன் வெவ்வேறாக ஒலிக்கின்றன

ஒரே தந்தியை அடித்தாலும் பிரிட்ஜ் அருகே உள்ள பிக்கப் கூர்மையாகவும் நெக் அருகே உள்ளது உருண்டையாகவும் ஒலிப்பதற்குக் காரணம், தந்தி எல்லா இடங்களிலும் ஒரே அளவு அசையாததே ஆகும். பிரிட்ஜில் அது கட்டப்பட்டிருக்கிறது. அங்கே அடிப்படைச் சுரத்தின் அசைவு மிகச் சிறிது, ஆகவே மேற்றொனிகளின், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்களின், பங்கு ஒப்பீட்டளவில் மிகுதி. நெக் பக்கம் போகப் போக அசைவு அகலமாகி அடிப்படைச் சுரம் தடிக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை எடுத்துக்கொண்டால் அதன் தந்தி நீளம் 648 மில்லிமீற்றர்; நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ அதில் காற்பங்கு தூரத்தில், அதாவது 162 மில்லிமீற்றர் அளவில், அமைந்திருக்கிறது. வெறுந்தந்தியில் நான்காவது இசையத்தின் (அடிப்படைச் சுரத்தைப் போல் நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்றொனியின்) கணு சரியாக அந்த இடத்தில்தான் வருகிறது. கணுவில் அசைவில்லை, ஆகவே அந்த இசையத்தை நெக் பிக்கப் ஏறக்குறையக் கேட்பதே இல்லை, பிரிட்ஜ் பிக்கப் கேட்கிறது. இரண்டையும் கலக்கும்போது சில மேற்றொனிகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகின்றன, சில ஒன்றையொன்று தேய்க்கின்றன. எனவே கலப்பு என்பது இரண்டு ஒலிகளின் சராசரியன்று. தனியே எந்தப் பிக்கப்பிலும் இல்லாத மூன்றாவது குரல் அது.

உங்கள் கிட்டாரை அறிந்துகொள்ளுங்கள்

ஆம்பின் ஒலியைக் குறைத்து வைத்து, சுவிட்சை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, சிறு ஸ்குரூட்ரைவரின் நுனியால் பிக்கப்பின் காந்த முனைகளை மெல்லத் தட்டுங்கள். "டொக்" என்று உரக்கக் கேட்பது இயங்குகிற பிக்கப். எந்த நிலையில் எவை இயங்குகின்றன என்பதைக் கொப்பியில் எழுதிவையுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல், ஆண்டுக்கணக்கில் தவறான நிலையை நடுநிலை என்று நம்பி வாசித்தவர்கள் இருக்கிறார்கள்.

லெஸ் போல் வடிவக் கிட்டார்களில் பொதுவாக இரண்டு ஹம்பக்கர்களும் (இரட்டைச்சுருள் பிக்கப்களும்), ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வொலியூம், டோன் குமிழ்களும், மூன்று நிலைச் சுவிட்சும் உள்ளன. ஹம்பக்கருக்காக கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் அது லெஸ் போலில் ஏறியது. எதிரெதிராகச் சுற்றிய, காந்தத் துருவங்களும் எதிரெதிரான இரு சுருள்கள் மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் முனகலைத் தமக்குள் நீக்கிக்கொள்கின்றன, தந்தியின் ஒலியை மட்டும் கூட்டுகின்றன.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டாரில் மூன்று ஒற்றைச்சுருள் பிக்கப்களுக்கு ஒரே வொலியூம்தான். ஆகவே அதில் கலக்கும் முறை வேறு; பின்னால் சொல்கிறேன்.

பிக்கப்பின் உயரம்

கலப்பைத் தொடங்குமுன் இரு பிக்கப்களும் ஏறக்குறைய சம பலத்தில் பேச வேண்டும். நெக் அருகே தந்தி அகலமாக அசைவதால் நெக் பிக்கப்பைச் சற்றுக் கீழே இறக்குவது வழக்கம். தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் முனைக்கும் இடையிலுள்ள வெளியை அளவிடுங்கள். ஹம்பக்கர்களுக்கு பிரிட்ஜில் 1.6, நெக்கில் 2.4 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம். அளக்கக் கருவி இல்லையென்றால் வங்கி அட்டைகளைப் பயன்படுத்தலாம்: ஓர் அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், ஆகவே இரண்டு அட்டைகள் பிரிட்ஜுக்கும் மூன்று அட்டைகள் நெக்குக்கும் கிட்டத்தட்டச் சரியாக வரும். காலாவதியான அட்டைகளை மட்டும் எடுங்கள். பிக்கப்பின் காந்தம் அட்டையின் கறுப்புப் பட்டையை அழித்துவிடக்கூடும்.

பிறகு காதால் சரிசெய்யுங்கள். சுவிட்சை நெக்கிலிருந்து பிரிட்ஜுக்குத் தள்ளும்போது ஒலியின் தன்மை மாறலாம், அளவு பெரிதாக மாறக்கூடாது. ஒற்றைச்சுருள் பிக்கப்களில் நேரடிக் காந்தத் தண்டுகள் இருந்தால் அவற்றைத் தந்திக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டாம். காந்தம் தந்தியையே இழுத்து, தடித்த தந்திகளில் சுருதி நடுங்குவது போன்ற ஒலியை உண்டாக்கும். சிலர் இதை ஃபிரெட்டின் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் அலைகிறார்கள். பிக்கப்பை ஒரு மில்லிமீற்றர் இறக்கியதும் குறை மறைந்துவிடும்.

ஆம்பை விளிம்பில் நிறுத்துதல்

பழைய ரொக் ஒலியில் நாம் நினைப்பதைவிட கெயின், அதாவது உள்வரும் சிக்னலை ஆம்ப் பெருக்கும் அளவு, மிகக் குறைவு. ஆம்பின் கெயினை மெல்ல ஏற்றி, பிக்கால் (தந்தியை அடிக்கும் சிறு தகட்டால்) மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் சற்றுக் கரகரப்பாகவும் ஒலிக்கும் புள்ளியில் நிறுத்துங்கள். பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, மிடிலை மட்டும் சற்று உயர்த்துங்கள். கெயின் கூடினால் டிஸ்டோர்ஷன் எல்லா வேறுபாடுகளையும் நசுக்கிச் சமன்படுத்திவிடும். அதன்பின் எந்தப் பிக்கப்பை எவ்வளவு கலந்தீர்கள் என்பது காதில் விழாது. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், விடியுமுன் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள், உறங்குகிறது என்பதை நானறிவேன். ஆம்பின் மாஸ்டரைத் தாழ்த்தி வைத்தோ ஹெட்ஃபோனிலோ இந்தப் பயிற்சி முழுவதையும் செய்யலாம்.

இரண்டு வொலியூம்களால் கலத்தல்

இந்தப் பகுதியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். சுவிட்சை நடுவில் வைத்து, இரு வொலியூம்களையும் இரு டோன்களையும் 10இல் வையுங்கள். ஒரு கோர்ட் அடியுங்கள். பரந்த, ஆனால் எங்கும் முனை இல்லாத ஒலி வரும். பலர் இங்கேயே நின்று, நடுநிலை பயனற்றது என்று முடிவுகட்டி, சுவிட்சை பிரிட்ஜுக்கே திருப்பிவிடுகிறார்கள்.

இப்போது பிரிட்ஜை 10இலேயே விட்டுவிட்டு நெக் வொலியூமை 9, 8, 7 என்று ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அதே கோர்ட்டை அதே பலத்தில் அடியுங்கள். ஒரு புள்ளியில் பிரிட்ஜ் பிக்கப் திரையை விலக்கிக்கொண்டு முன்னே வந்து நிற்கும். அடித்தொனியின் தசை மட்டும் பின்னால் தங்கியிருக்கும். இரு குமிழ்களும் 10இல் இருக்கும்போது இரண்டு சுருள்களும் நேரடியாகச் சமாந்தரமாக இணைந்து, ஒன்றின் சுமையை மற்றது தாங்க நேர்கிறது. நெக் வொலியூமைச் சற்று இறக்கினால், அந்தப் பிக்கப்புக்கும் வெளிவாயிலுக்கும் இடையே பல ஆயிரம் ஓம் தடை வந்து நிற்கிறது. பிரிட்ஜ் பிக்கப் அந்தச் சுமையிலிருந்து விடுபடுகிறது. முதல் ஓரிரு படிகளிலேயே மாற்றம் இவ்வளவு பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

எந்த எண்ணில் அந்தப் புள்ளி வரும் என்பது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். குமிழின் அடியிலுள்ள பொட்டில் (திருகினால் மாறும் மின்தடையில்) 500 என்ற எண்ணுடன் ஆங்கில எழுத்து ஏ இருந்தால் அது காதின் உணர்வுக்கேற்ப மாறும் வகை. பி இருந்தால் நேர்விகித வகை, அதில் நீங்கள் 5 வரையும் இறங்க வேண்டிவரலாம். எனவே நான் தரும் எண்களைத் தொடக்கப் புள்ளிகளாக மட்டும் கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் 10, நெக் 6 அல்லது 7 என்பது தாளக் கோர்ட்களுக்கு. கடிக்கும், ஆனால் காதைக் கிழிக்காது. நெக் 10, பிரிட்ஜ் 5 அல்லது 6 என்பது பாடும் குரல் போன்ற தனிவாசிப்புக்கு. நெக்கின் வட்டத்துக்கு ஒரு விளிம்பு கிடைக்கும், இசைக்குழுவின் நடுவே சுரங்கள் கரையாது. இரண்டும் 5 என்றால் அதே ஆம்பில் சுத்தமான ஒலி, அடுத்த அடியில் இரண்டையும் ஏற்றினால் கரகரப்பு. அந்தக் காலத்து வாசிப்பாளர்கள் பலர் பாட்டின் நடுவே ஒலியை மாற்றியது பெரிதும் இப்படித்தான், சுண்டுவிரலால். என் கருத்தில் முதல் கலவையை மட்டும் ஒரு வாரம் வாசித்துப் பழகிய பிறகே மற்றவற்றுக்குப் போவது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சோதிப்பவருக்கு எதுவும் காதில் தங்காது.

டோன் குமிழ்களை மறவாதீர்கள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1960களின் பிற்பகுதியில் புகழ்பெறச் செய்த, மூக்கடைத்துப் பாடுவது போன்ற அந்த மென்மையான ஒலி, வொலியூமை முழுதாக ஏற்றி டோனை முழுதாக இறக்கிப் பெற்றது. நடுநிலையில் இரு வொலியூம்களும் 10இல் இருந்தால் ஒரு டோன் குமிழை இறக்குவது இரு பிக்கப்களையும் மங்கச் செய்யும்; ஒரு வொலியூமைச் சற்று இறக்கினால்தான் டோன்கள் ஓரளவு பிரிந்து இயங்கும்.

நடுநிலையில் ஒரு வொலியூமை 0க்குக் கொண்டுபோனால் முழு ஒலியும் நின்றுவிடும். பல புதியவர்கள் இதைப் பழுது என்று எண்ணுகிறார்கள். இது வழமையான வயரிங்கின் இயல்பு. வெளிவாயில் எர்த்துடன் சேர்ந்துவிடுவதால் நேர்வது. வொலியூமை இறக்கும்போது ஒலி மங்குவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், 1950களில் கிப்சன் செய்த முறைக்கு மாறலாம்: டோனுக்குப் போகும் இணைப்பை வொலியூம் பொட்டின் பிக்கப் சேரும் காலிலிருந்து கழற்றி, நடுக்காலில் பற்றவைக்க வேண்டும். ஒரு பிக்கப்புக்கு ஒரு கம்பிதான் இடம் மாறுகிறது. வொலியூம் 6இல் இருக்கும்போதும் கூர்மை தங்குவதால் கலவைகள் மேலும் தெளிவாகும்.

ஒரே வொலியூம் உள்ள கிட்டாரில்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தபோது அதன் சுவிட்சில் மூன்று நிலைகளே இருந்தன. வாசிப்பாளர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு இடையே நிறுத்தி, இரண்டு பிக்கப்களைச் சேர்த்து ஒலிக்கவைத்தார்கள். 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சை வழமையாக்கியது. 2ஆம், 4ஆம் நிலைகளில் கேட்கும் அந்த மெல்லிய, வாத்துக் குரல் போன்ற இனிமை, நடுப் பிக்கப் அயல் பிக்கப்புடன் சமாந்தரமாகச் சேர்வதால் வருவது. கட்டம் எதிரானது, அதாவது ஒரு பிக்கப்பின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்குகிறது, என்று சிலர் சொல்வது தவறு. இங்கே கலப்பின் அளவை மாற்ற ஒரே வழி உயரம்தான்: நடுப் பிக்கப்பை அரை மில்லிமீற்றர் இறக்கினால் பிரிட்ஜின் குணம் மேலோங்கும்.

இந்தச் சுவிட்ச் தராத ஒரு சேர்க்கை நெக்கும் பிரிட்ஜும். ஃபெண்டரின் மற்றொரு கிட்டாரான டெலிகாஸ்டரின் நடுநிலையை நினைவூட்டும் அந்த ஒலிக்காக பிங்க் ஃபுளோய்ட் குழுவின் டேவிட் கில்மோர் தமது கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்திக்கொண்டார். நீங்களும் செய்யலாம். தந்திகளைக் கழற்றி, முகப்புப் பலகையைத் திருப்பி, எதையும் தொடுமுன் தொலைபேசியில் படம் எடுங்கள். ஐந்து நிலைச் சுவிட்சில் நெக் பிக்கப்பின் சிக்னல் கம்பி வந்து சேரும் காலையும், அங்கிருந்து வொலியூமுக்குக் கம்பி புறப்படும் காலையும் கண்டுபிடியுங்கள். இந்த இரண்டு கால்களையும் ஒரு சாதாரண ஒன்–ஓஃப் சிறு சுவிட்ச் வழியாக இணைத்தால் வேலை முடிந்தது. சுவிட்சை ஒன் செய்தால் நெக் எப்போதும் சேர்ந்திருக்கும்: பிரிட்ஜ் நிலையில் நெக்கும் பிரிட்ஜும், 2ஆம் நிலையில் மூன்றும்.

அளவோடு கலக்க விரும்பினால் அந்தச் சுவிட்சின் இடத்தில் 250 கிலோ ஓம் பொட் ஒன்றை வையுங்கள். ஒரு கம்பி நடுக்காலில், மற்றது ஓரக்காலில். இது புதிய யோசனையன்று. 1950களின் தொடக்கத்தில் ஃபெண்டரின் முதல் இரட்டைப் பிக்கப் கிட்டார்களில் இரண்டாவது குமிழ் இதே வேலையைச் செய்தது: பிரிட்ஜ் பிக்கப்புக்குள் நெக் பிக்கப்பை வேண்டிய அளவு கலந்தது. உங்கள் கிட்டாரின் இரண்டாவது டோன் குமிழை இதற்காக விட்டுக்கொடுக்கலாம். நான் விட்டுக்கொடுத்தேன், ஒருநாளும் வருந்தியதில்லை. பற்றவைக்க 40 வாட் இரும்பும், உள்ளே ரெசின் உள்ள ஈயக் கம்பியும் போதும். பொட்டின் முதுகில் நீண்ட நேரம் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் கரித்தடம் கெடும், ஆகவே விரைந்து முடியுங்கள்.

ஒலி மெலிந்துபோனால்

புதிதாகச் சேர்த்த இரண்டு பிக்கப்கள் தனித்தனியே நன்றாக ஒலித்து, சேரும்போது மட்டும் அடித்தொனி காணாமற்போய் மூக்கொலியாக வந்தால், அவற்றின் கட்டங்கள் எதிரானவை. ஒற்றைச்சுருள் பிக்கப்பாயின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினால் சரியாகும். உலோக மூடி எர்த் கம்பியோடு இணைந்திருந்தால் முதலில் அந்த இணைப்பைப் பிரித்து, மூடிக்குத் தனி எர்த் கொடுக்க வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு மாற்றிவிட வேண்டாம். ஃபிளீட்வுட் மெக் குழுவின் பீட்டர் கிறீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் போலில் நெக் பிக்கப்பின் காந்தம் திருப்பி வைக்கப்பட்டிருந்ததால் நடுநிலையில் எழுந்த அந்த ஏக்கம் நிறைந்த ஒலிக்காகவே அக்கிட்டார் அறியப்பட்டது. பின்னர் அது கிட்டார் கலைஞர் கேரி மூரின் கைக்குப் போனது. எதிர்க்கட்டத்தில் இரு வொலியூம்களும் சமமாக இருந்தால்தான் ஒலி மிகவும் மெலியும். ஒன்றை 7 அல்லது 8க்கு இறக்கினால் கழிபடுவது குறைந்து உடல் திரும்புகிறது, ஏக்கம் மட்டும் தங்குகிறது. மெதுவான புளூஸ் வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமான கலவையை நான் கேட்டதில்லை.

தொடரிணைப்பு வேறொரு வழி. 6 கிலோ ஓம் பிக்கப்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் தடை 3 கிலோ ஓம், தொடராக இணைத்தால் 12. தொடரில் ஒலி உரத்து, நடுத்தொனி பெருத்து, உச்சத்தொனி சற்று மங்கும். குவீன் குழுவின் பிரையன் மேயின் கிட்டாரில் மூன்று பிக்கப்களும் தொடராக இணைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒன்–ஓஃப் சுவிட்சும் கட்டச் சுவிட்சும் உண்டு. 1963இல் தொடங்கி அவரும் அவர் தந்தையும் வீட்டிலேயே செய்த கிட்டார் அது; கழுத்துக்கான மரம் ஒரு பழைய தீயடுப்பின் மேற்சட்டத்திலிருந்து வந்தது. கையில் இருப்பதைக் கொண்டு செய்யும் வழக்கம் நமது மலைகளுக்கும் அந்நியமானதன்று என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

பனியும் முனகலும்

ஒற்றைச்சுருள் பிக்கப்களின் முனகலுக்குத் தொலைபேசிச் சார்ஜர், குளிர்சாதனப் பெட்டி, மலிவான எல்இடி விளக்கு ஆகியன பெரும்பாலும் காரணம். அவற்றிலிருந்து விலகி உட்கார்ந்து, கிட்டாரின் முகத்தைத் திசை மாற்றிப் பாருங்கள். ஒரு திசையில் முனகல் தெளிவாகக் குறையும்.

நுவரெலியா போல 1,868 மீற்றர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் வாழ்பவர்களுக்கு ஈரம்தான் பெரிய பகை. குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பொட்டுக்குள் கொன்டாக்ட் கிளீனரைச் சிறிது செலுத்தி, குமிழை 20 தடவை முழுவதுமாகத் திருகுங்கள். கலவைக்குப் பழகிய கைகள் குமிழ்களை ஓயாமல் திருகுவதால் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைந்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு போட்டு, கிட்டாரைப் பெட்டியில் வையுங்கள். குளிரிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்தால் கால் மணி நேரம் கிட்டாரை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

உங்களுக்குப் பிடித்த ஒவ்வொரு கலவையையும் தொலைபேசியில் பதிந்து, சுவிட்ச் நிலை, இரு வொலியூம்கள், இரு டோன்கள், ஆம்பின் கெயின் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். மறுநாள் காலையில் கொப்பியைப் பார்க்காமல் பதிவை மட்டும் கேட்டு, அந்தக் குமிழ் நிலைகளைக் காதால் கண்டுபிடிக்க முயலுங்கள்; பிறகு கொப்பியைத் திறந்து ஒப்பிடுங்கள்.